நிரந்தர வேலையை விட்டு வெளிநாடு போக நினைப்பவருக்கு: எந்தத் தாள் முதலில், எது கடைசியில்

தமிழ்நாடு - கேரள எல்லையில் இருக்கும் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்தில் வெளிநாடு போவது புதுச் செய்தி இல்லை. தெருவுக்குத் தெரு வளைகுடாவில் இருப்பவர்கள் உண்டு. நர்சிங் படித்த பிள்ளைகள் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வேலை தேடிப் போனவர்கள். கையில் இருக்கும் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, சில ஆண்டுகள் ஊர் சுற்றி, வேறொரு நாட்டில் வாழ்ந்து பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால்தான் வீடு கலங்கிப்போகிறது. "சர்க்கார் வேலைய விட்டுட்டு எங்க மக்கா போற?" என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த வேலைக்காக எத்தனை ஆண்டு தேர்வு எழுதினோம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்த ஆசை சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. போவது என்று மனம் தீர்ந்தவர் தேவையில்லாமல் எதையும் இழக்கக் கூடாது என்பதே என் அக்கறை. பலர் கோபத்திலோ சலிப்பிலோ ராஜினாமாக் கடிதத்தை முதலில் எழுதிவிடுகிறார்கள். விசா, பணம், ஓய்வூதியம் எல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் கடைசித் தாள். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: போவது பார்க்கவா, வாழவா?

இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. ஆறு மாதம் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிவிட்டு வர வேண்டும் என்றால் வேலையை விடவே தேவையில்லாமல் போகலாம். சேர்ந்திருக்கும் விடுப்பும் சம்பளமில்லா விடுப்பும் போதும். வேறு நாட்டில் தங்கி, சம்பாதித்து வாழ வேண்டும் என்றால் வேலை செய்ய அனுமதி தரும் விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய் "அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்பது வழியே இல்லை.

முடிந்தால் ஈட்டிய விடுப்பு எடுத்து, நினைத்திருக்கும் ஊரில் சில வாரம் விருந்தாளியாக இல்லாமல் வாடகை அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள். கடையில் வாங்கிச் சமைத்து, பேருந்தில் போய், மழையிலும் குளிரிலும் ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அரசு ஊழியர் விடுப்பில் வெளிநாடு போனாலும் துறையின் முன் அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: எந்தக் கதவு வழியாக வெளியேறுகிறீர்கள்

நிறையப் பேர் லட்சக்கணக்கில் இழப்பது இந்த இடத்தில்தான். நிரந்தர வேலையிலிருந்து வெளியேற மூன்று வழி உண்டு: நீண்ட சம்பளமில்லா விடுப்பு, விருப்ப ஓய்வு, ராஜினாமா. மூன்றும் வீட்டுக்குப் போவதுபோலத் தெரியும். பணத்திலும் உரிமையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

விடுப்பை முதலில் கேளுங்கள். எல்லையின் எந்தப் பக்கம் சம்பளம் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கேரள அரசு வேலையில் இருப்பவர்களுக்கு கேரள சர்வீஸ் விதிகளின் பன்னிரண்டு-ஏ இணைப்பு, வெளிநாட்டில் வேலை பார்க்கச் சம்பளமில்லா விடுப்பு தருகிறது. ஒரு காலத்தில் இது மொத்தம் 20 ஆண்டு வரை கிடைத்தது. 2020-இல் 5 ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். படிப்புக்கும், வெளிநாட்டில் இருக்கும் கணவன் அல்லது மனைவியுடன் சேர்ந்து வாழ்வதற்கும் தனித்தனி இணைப்புகள் உண்டு. அந்தக் காலம் ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கில் வராது என்றாலும், திரும்பி வர நாற்காலி இருக்கும். பழைய 20 ஆண்டுக் கதையைச் சொல்லி மாமா, சித்தப்பா யாராவது ஆறுதல் தந்தால் நம்பிவிட வேண்டாம். மத்திய அரசு ஊழியருக்கும் பொதுவாகத் தொடர்ச்சியாக 5 ஆண்டுக்கு மேல் எந்த விடுப்பும் கிடையாது. தமிழ்நாடு அரசில் இருப்பவர்கள் தங்கள் துறையின் நிர்வாகப் பிரிவில் நடப்பில் உள்ள அரசாணையை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். எந்த அரசிலும் இந்த விடுப்பு உரிமை அல்ல, அனுமதி. ஆள் பற்றாக்குறை என்று மறுக்கலாம். அதனால் விண்ணப்பத்தைக் குறைந்தது ஆறு மாதம் முன்பே போடுங்கள்.

மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு விமானம் ஏறுவதும், விடுப்பு முடிந்தபின் சொல்லாமல் இருந்துவிடுவதும் நம் பக்கத்தில் புழக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அனுமதியில்லாமல் வராமல் இருந்தால் துறை நடவடிக்கை வரும், பணிநீக்கம் வரை போகும். அந்தக் கறை பிறகு எந்த அரசு வேலைக்கும் தடையாக நிற்கும்.

20 ஆண்டு தகுதியுள்ள பணி முடித்திருந்தால் விருப்ப ஓய்வைப் பாருங்கள். மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ஓய்வூதியத்தோடு வெளியேறலாம். இதே ஆள் "ராஜினாமா" என்று எழுதிக் கொடுத்தால் பழைய பணிக்காலம் முழுவதும் அற்றுப்போகும். ஓய்வூதியம் இல்லை. மத்திய அரசில் ராஜினாமா செய்பவருக்கு ஈட்டிய விடுப்பில் பாதிக்குத்தான், அதுவும் 150 நாளுக்குள், காசு கிடைக்கும். விருப்ப ஓய்வில் போனால் 300 நாள் வரை கிடைக்கும். 19 ஆண்டும் சில மாதமும் முடித்து நிற்பவர் இன்னும் சில மாதம் பொறுத்தால் வாழ்நாள் முழுதும் மாதாமாதம் பணம் வரும். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

நீங்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைச் சேர்ந்த தேதி சொல்லிவிடும். தமிழ்நாடு அரசில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தவர்கள். மத்திய அரசில் அந்தத் தேதி 2004 ஜனவரி 1, பொதுத்துறை வங்கிகளில் 2010 ஏப்ரல் 1, கேரள அரசில் 2013 ஏப்ரல் 1. மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் (என்.பி.எஸ்.) இருந்து 60 வயதுக்கு முன் முழுதாக வெளியேறினால், சேர்ந்த தொகை சிறியதாக இருந்தாலொழிய, 80 விழுக்காட்டை, தவணை தவணையாகப் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட வேண்டும். கணக்கை மூடாமல் தனிநபர் கணக்காக மாற்றி, வெளிநாட்டிலிருந்தும் தொடரலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நல்லது. தமிழ்நாட்டின் பங்களிப்புத் திட்டம் இதிலிருந்து தனியானது. அதில் இருப்பவர்கள் கணக்குத் தாளை எடுத்து, மாறுதலாகி அலைந்த ஆண்டுகளில் விடுபட்ட மாதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேலையில் இருக்கும்போது அதைச் சரிசெய்ய ஒரு மனு போதும். வெளியேறிய பிறகு அதுவே பெரிய அலைச்சலாகும்.

தனியார் நிறுவனத்தில் நிரந்தர வேலை என்றால் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒரே இடத்தில் 5 ஆண்டு முடிந்தால் பணிக்கொடை உண்டு: கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கினால் வருவது. பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு பணி வேண்டும். அதற்கு முன் விலகுபவர் பணத்தை உருவிவிடாமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்தால், திரும்பி வந்து சேரும் வேலையின் ஆண்டுகளோடு பழைய ஆண்டுகள் சேரும்.

மூன்றாம் படி: ஜாமீன் நின்ற இடங்கள்

அரசு வேலையில் இருப்பவரின் சம்பளச் சான்று நம் ஊரில் ஒரு சொத்து. சிட்டி (சீட்டு) எடுத்த சக ஊழியருக்கு, கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கிய மைத்துனருக்கு, பிள்ளையின் கல்விக் கடனுக்கு என்று எங்கெங்கோ கையெழுத்துப் போட்டிருப்போம். வேலையை விடும்போது துறை 'பாக்கி இல்லை' சான்று கேட்கும். அங்கே இதெல்லாம் வரிசையாக வெளியே வரும். கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் நோட்டீஸ் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும், பதில் சொல்ல அப்பா மட்டும்தான் இருப்பார். எங்கே எதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஜாமீன்தாரரைக் கொடுத்து விடுபடுங்கள். சங்கடமான பேச்சுதான். ஆனாலும் பேசிவிடுங்கள். உங்கள் சொந்த வீட்டுக் கடனும் சம்பளத்தைப் பார்த்துத் தந்ததுதான் என்பதால், தவணை எந்தக் கணக்கிலிருந்து போகும் என்று வங்கியில் முன்கூட்டியே பேசுங்கள்.

நான்காம் படி: பணம்

கணக்கை மூன்று பையாகப் பிரியுங்கள். போகும் செலவு ஒன்று: விசா, டிக்கெட், முன்பணம், காப்பீடு. வருமானம் இல்லாமல் அந்த நாட்டில் ஓராண்டு வாழும் செலவு இன்னொன்று. திரும்பி வந்து ஆறு மாதம் வீட்டில் இருந்து வேலை தேடுவதற்கான பணம் மூன்றாவது. மூன்றாவது பையை ஊரிலேயே வைப்பு நிதியாகப் போட்டு, தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்தோ ரப்பர் விளையை (தோட்டத்தை) விற்றோ போவதானால் இன்னும் ஓராண்டு வேலை பார்த்துச் சேமியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். கேரளத்தின் மெடிசெப்பும் அப்படித்தான். பெற்றோருக்குத் தனிக் காப்பீடு இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அந்தக் காலம் நீங்கள் சம்பளம் வாங்கும்போதே ஓடத் தொடங்குவது நல்லது.

ஐந்தாம் படி: பாஸ்போர்ட்டும் பெயரும் சான்றிதழும்

குமரி மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலி சேவா கேந்திரத்தில் நேரம் வாங்கலாம். 2018 முதல் நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பதால், பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரத்திலும் நேரம் வாங்கலாம். அரசு ஊழியர் துறையின் தடையில்லாச் சான்றோ, துறைக்கு முன்கூட்டியே தகவல் தந்த கடிதமோ வைக்கலாம். சான்று தரத் துறை இழுத்தடித்தால் தகவல் கடிதமே போதும் என்பது பலருக்குத் தெரியாது.

நம் பெயர் ஒரு தனிச் சிக்கல். பள்ளிச் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் வேறு மாதிரி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது தமிழர்கள் பலர் தவித்துப்போனார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ இனிஷியலை விரித்து, பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். பிறகு எல்லாத் தாளிலும் அதையே பின்பற்றுங்கள்.

சான்றிதழ் ஒப்புதலில் எல்லைப்புறத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டம் எந்த மாநிலத்தில் வாங்கினீர்களோ அந்த மாநிலம்தான் முதல் முத்திரை போடும். மார்த்தாண்டத்தில் குடியிருந்து திருவனந்தபுரத்தில் படித்தவருக்கு, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்காக அந்த அரசு நடத்தும் நோர்க்கா ரூட்ஸ் அலுவலகம். நாகர்கோவிலில் படித்தவருக்குச் சென்னை. அதன் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஹேக் ஒப்பந்த நாடுகள் ஏற்கும் ஒப்புதல் முத்திரை. இந்தியா 2005-இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சவுதி, ஓமன், பஹ்ரைன் அதில் இருப்பதால் அப்போஸ்டில் போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றும் பாஸ்போர்ட் சேவா வழியாகவே வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய்.

ஆறாம் படி: எந்த விசா

முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு நல்ல வழி திறந்திருக்கிறது. பிரிட்டனின் இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டத்தில் 18 முதல் 30 வயது வரையிலான பட்டதாரிகள் குலுக்கலில் கலந்துகொள்ளலாம்; ஆண்டுக்கு 3,000 இடம், இரண்டு ஆண்டு தங்கலாம், வேலை பார்க்கலாம், கையில் 2,530 பவுண்ட் சேமிப்பு காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க விடும் 462 விசா இந்தியர்களுக்கு 2024-இல் தொடங்கியது; ஆண்டுக்கு 1,000 இடம், இதுவும் குலுக்கல், அதே வயது வரம்பு, ஓராண்டு. ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க வேண்டும் என்பவருக்கு என் கணக்கில் இவைதான் முதல் தேர்வு. குலுக்கலில் பெயர் விழுந்த பிறகு வேலையை விடுவதைப் பற்றி யோசித்தால் போதும்.

வயது கடந்தவர்களுக்கு ஜெர்மனியின் வாய்ப்பு அட்டை இருக்கிறது. 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. அங்கே போய் ஓராண்டு தங்கி வேலை தேடலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். படிப்பு, அனுபவம், மொழி, வயது ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. மாதத்துக்கு ஆயிரம் யூரோவுக்குச் சற்று மேல் என்ற கணக்கில் ஓராண்டுத் தொகையை, மாதம் இவ்வளவு என்று மட்டுமே எடுக்க முடிகிற முடக்குக் கணக்கில் வைக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் ஏ-1 (தொடக்கநிலை) அளவு அல்லது ஆங்கிலத்தில் பி-2 (மேல் இடைநிலை) அளவு கட்டாயம். திருவனந்தபுரத்தில் உள்ள கோத்தே சென்ட்ரத்தில் மொழி படிக்க நம் பக்கத்தார் தாராளமாகப் போகலாம். விசாவுக்கு மட்டும், மார்த்தாண்டத்தில் குடியிருப்பவருக்குச் சென்னைத் துணைத்தூதரகம், பாறசாலையில் குடியிருப்பவருக்கு பெங்களூரு. நடுவில் ஒரு சோதனைச்சாவடிதான், ஆனாலும் அதிகார எல்லை வேறு.

இந்திய நிறுவனத்துக்கோ வெளிநாட்டு நிறுவனத்துக்கோ கணினி வழியாக வேலை செய்பவருக்கு வேறு வாசல்கள் உண்டு. தாய்லாந்தின் டி.டி.வி. விசா 5 ஆண்டு செல்லும், ஒரு முறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம், 5 லட்சம் பாத் சேமிப்பு காட்ட வேண்டும். துபாயின் தொலைப்பணி விசாவுக்கு மாதம் 3,500 டாலர் வருமானம் வேண்டும். இவற்றில் அந்த நாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்க முடியாது. ஐரோப்பாவைப் பார்க்க மட்டும் போகிறவர் ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். இத்தனை ஓட்டமும் வேண்டாம், முதலில் வெளிநாட்டு வாழ்க்கையை ருசி பார்க்க வேண்டும் என்றால் நேபாளம் இருக்கிறது. 1950 ஒப்பந்தத்தால் இந்தியர் விசா இல்லாமல் அங்கே தங்கலாம்.

ஏழாம் படி: ஏஜென்ட்

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை முத்திரை இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். மற்றவர்கள் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களில் பட்டதாரித் தமிழர்களும் இருந்தார்கள். ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைத் தட்டிப் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. தெரிந்தவர் தெரிந்தவர் என்று போவதற்கு முன் அங்கே ஒரு முறை கேளுங்கள்.

எட்டாம் படி: வங்கி, வரி, வீடு

வேலைக்காகப் போகிறவர், நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆண்டு வரிக் கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர். ஏப்ரலில் தொடங்கிக் கணக்கிட்டால் செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் கிளம்ப வேண்டும். வேலை இல்லாமல் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாள் இங்கே இருந்திருந்தால், அந்த ஆண்டில் 60 நாள் இருந்தாலே அவர் உள்நாட்டவர்தான். உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டில் குடியேறியதும் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவது சட்டப்படி கட்டாயம். அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறங்கள், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. பி.பி.எஃப். கணக்கு இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது.

செல்பேசி எண்ணைக் கைவிடாதீர்கள். ஆதார், வங்கி, பி.எஃப். எல்லாம் ஓ.டி.பி.யில் ஓடுகின்றன. வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும்படி ரோமிங் போட்டு, ரீசார்ஜ் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். நிலமோ வீடோ இருந்தால் நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரத்தை ஊரிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள். அங்கே போய் எழுதினால் தூதரக ஒப்புதல், இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை என்று வேலை நீளும். விற்கும் அதிகாரம் கொடுக்க வேண்டாம். வரி கட்ட, வாடகை வாங்க, ரப்பர் பால்வெட்டுக் குத்தகை பார்க்க என்று எண்ணி எண்ணி எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: வீட்டில் பேசுவதும் கடிதம் கொடுப்பதும்

வீட்டில் பேசும்போது கனவை மட்டும் சொல்லாதீர்கள், மேலே சொன்ன தாள்களைக் காட்டுங்கள். அம்மாவின் மருந்துச் செலவு எங்கிருந்து வரும், தங்கை கல்யாணத்துக்கு எடுத்து வைத்தது எங்கே இருக்கிறது, எந்த நிலை வந்தால் திரும்பி வருவேன் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெரியவர்களின் பயம் பாதிக்கு மேல் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. கல்யாணம் ஆனவர் என்றால் மனைவியின் அல்லது கணவனின் வேலைக்கும் இரண்டாம் படியை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

விசா கைக்கு வந்த பிறகு, ஜாமீன்கள் தீர்ந்த பிறகு, விடுப்பு கேட்டு எழுத்தில் மறுப்பு வந்த பிறகு, அப்போது ராஜினாமா எழுதுங்கள். கடிதத்தில் சொந்தக் காரணம் என்ற ஒரு வரி போதும், மேலதிகாரி மீதுள்ள வருத்தத்தை அதில் கொட்ட வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து விலகுகிறீர்கள் என்று குறிப்பிட்டு, பெற்றுக்கொண்ட முத்திரையுடன் நகல் வாங்குங்கள். ராஜினாமா ஏற்கப்பட்டு விடுவிப்பு ஆணை கைக்கு வரும்வரை நீங்கள் ஊழியர்தான். அந்த ஆணை இல்லாமல் விமானம் ஏறினால் அது அனுமதியில்லா வராமையாகிவிடும். மத்திய அரசு ஊழியர், ராஜினாமா நடப்புக்கு வந்து 90 நாளுக்குள் மீண்டும் பணியில் சேரும்படி அதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. தருவதும் மறுப்பதும் அரசின் கையில், ஆனாலும் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

பணிச்சான்று, கடைசிச் சம்பளச் சான்று, பணிப்பதிவேட்டின் நகல், பி.எஃப். அல்லது ஓய்வூதியக் கணக்குத் தாள் ஆகியவற்றை மூலமாக ஒரு கோப்பில் வீட்டில் வைத்து, ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர் மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு உரிமம் வாங்கலாம், ஓராண்டு செல்லும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியுங்கள், தமிழ்நாட்டுக்காரர் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் கேரளத்தவர் நோர்க்காவிலும் உறுப்பினராகுங்கள். விடுப்பில் போனவர் விடுப்பு முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே, திரும்புவதா நீட்டிப்பு கேட்பதா என்று முடிவு செய்து துறைக்கு எழுத வேண்டும்.